மஸ்கட்டில் மூன்று மாதம்

என் கணவர் மஸ்கட்டில் இருந்த மூன்று மாதமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் சிதம்பரத்தில் பஸ் ஏறிப் போய் அவரைப் பார்த்துவிட்டு, விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பிவிடுவேன். மஸ்கட் அவ்வளவு பக்கம்தான். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டி, கெமிக்கல் கம்பெனிகள் இருக்கிற இடத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டால் கடலூர் வந்துவிடும். அங்கே தேவனாம்பட்டினம் போகிற ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ. கடல் தெரிவதற்கு முன்பே இறங்கிக்கொள்ள வேண்டும்.

குடியை நிறுத்த வைக்கிற வீடு அது. போர்டு கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் யாரோ நன்றாகச் சம்பாதித்துக் கட்டிய மாடி வீடு என்றுதான் தோன்றும். மாடி வராந்தா முழுக்கக் கம்பி போட்டிருப்பதையும், கம்பிக்குப் பின்னால் வயசு வித்தியாசம் இல்லாமல் ஆம்பிளைகள் கைலியோடு நிற்பதையும் பார்த்தால்தான் சந்தேகம் வரும். வீட்டின் சொந்தக்காரர் குவைத்தில் இருந்தார். அவர் நிஜமாகவே குவைத்தில் இருந்தார்.

என் கணவர் பைப் ஃபிட்டர். நல்ல வேலைக்காரர் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்வேன், அதில் ஒன்றும் குறை வைக்க மாட்டேன். ஆனால் கோயிலில் நடை திறக்கிறார்களோ இல்லையோ, டாஸ்மாக்கில் ஷட்டர் தூக்கும்போது அவர் வாசலில் நிற்பார். கல்யாணம் ஆன புதிதில் சனிக்கிழமை மட்டும் என்றிருந்தது, பிறகு சம்பள நாள், பிறகு சுனாமி வந்த வருஷம் வேலை இல்லாததால், பிறகு வேலை கிடைத்ததால். காரணத்துக்கு என்ன பஞ்சம். காலில் வீக்கம் வந்தது, கண் மஞ்சளாயிற்று. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஈரல் கெட்டுப்போச்சும்மா. இப்ப நிறுத்தினா பொழைச்சுக்குவார். நிறுத்திட்டு மறுபடி தொட்டார்னா என்கிட்ட கூட்டிட்டு வராதீங்க" என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு வந்து அன்றைக்கு வழக்கம்போல் குழம்பு வைத்தேன்.

எனக்கு அதற்குள் அழுகை நின்றுபோயிருந்தது. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டதும் கன்னம் நம்முடையதில்லை என்று ஆகிவிடுமே, அப்படி. பக்கத்து வீடுகளில் என்னைத் தைரியசாலி என்று சொல்லிக்கொண்டார்கள். தைரியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உள்ளே ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

கடலூர் வீட்டிலிருந்து வேன் வந்தது ஒரு காலை நேரம். தெருவே விழித்திருந்தது. தண்ணீர் வருகிற நாள் வேறு, குடமும் கையுமாகப் பெண்கள் குழாயடியில் நின்றார்கள். நாலு பேர் உள்ளே வந்து அவரை எழுப்பி, இரண்டு பக்கமும் கை கொடுத்துக் கூட்டிப்போனார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, "வாங்க பிரதர், வாங்க பிரதர்" என்றே பேசினார்கள். அவர் ஒரு கையால் லுங்கியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவருடைய செருப்பை எடுத்து வேனுக்குள் வைத்தேன்.

வேன் நகரும்போது என் மாமியார் வாசல்படியில் வந்து நின்றுகொண்டு தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"பத்திரமா போய்ட்டு வாடா தம்பி. பிளைட்டு எறங்கினதும் போன் பண்ணு!"

லுங்கியோடு ஏர்போர்ட்டுக்குப் போன மனிதரை எங்கள் தெரு அன்றைக்குத்தான் பார்த்திருக்கும். எதிர்வீட்டு மாமா வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். எங்களுக்குச் சொந்தம் இல்லை, ஆனால் மாமா.

"எந்த ஊரும்மா?"

"மஸ்கட்டு" என்றார் மாமியார்.

"நல்ல ஊரு" என்றார் மாமா. வேப்பங்குச்சி மறுபடி வாய்க்குள் போயிற்று.

மாமியார் மஸ்கட்டை அந்த நிமிஷத்தில் யோசித்துப் பிடித்தாரா, ராத்திரியே முடிவு செய்து வைத்திருந்தாரா, எனக்குத் தெரியாது. காரணம் மட்டும் தெரியும். என் நாத்தனாருக்கு அப்போது பண்ருட்டி பக்கம், திருவதிகையில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். முந்திரித் தோப்பு உள்ள குடும்பம், மாப்பிள்ளை ஸ்கூல் வாத்தியார். பெண் பார்த்துப் பிடித்துப்போய், நிச்சயதார்த்தம் ஆவணியில் என்று பேச்சு. பெண்ணின் அண்ணன் குடித்து ஈரல் கெட்டு ஆஸ்பத்திரி மாதிரி ஒரு வீட்டில் கம்பிக்குள் கிடக்கிறான் என்று தெரிந்தால் எந்த வீட்டில் கை நனைப்பார்கள்? "எனக்கு ரெண்டு கண்ணு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணையாவது நான் காப்பாத்தணும்" என்றார் மாமியார். தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாத்தனார் நல்ல பெண்.

மூன்று மாதம் என்பதும் வசதியாகப் பொருந்திற்று. அந்த நாளில் எங்கள் பக்கத்து ஃபிட்டர், வெல்டர் எல்லாரும் ஷட்டவுன் வேலை என்று போவார்கள். அரபு நாட்டில் எண்ணெய்க் கம்பெனியைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பார்கள், அதற்கு ஆள் எடுப்பார்கள், இரண்டு மூன்று மாதத்தில் வேலை முடிந்து திரும்பிவிடுவார்கள். பொய் அளவு எடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. முதல் வகுப்புப் படித்த என் மகளிடமும் மஸ்கட் என்றே சொன்னோம். அவள் டீச்சரிடம் கேட்டு உலகப்படத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, கடல் பக்கத்தில் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டாள். கடல் பக்கம்தான், அது பொய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாய் என்று தெருவில் கேட்பார்கள். வடலூருக்கு என்பேன். வள்ளலார் சபைக்கு வேண்டுதல், மூன்று மாதம் வாராவாரம் வருகிறேன் என்று. வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

அந்த வீட்டில் முதலில் பையைச் சோதிப்பார்கள். பிரெட்டை அமுக்கிப் பார்ப்பார்கள். இளநீர் கொண்டுபோகக் கூடாது, யாரோ ஒரு மச்சான் முன்பு ஊசியால் இளநீருக்குள் சரக்கு ஏற்றிக்கொண்டு வந்தானாம். இருமல் மருந்து கூடாது, சென்ட் கூடாது. இனிப்பு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். குடியை விட்டவர்களுக்கு இனிப்பு மேல் வெறி வரும் என்றார்கள். வாழ்நாளெல்லாம் காரச் சேவு தவிர எதையும் தொடாத மனிதர், நான் வாங்கிப்போன மைசூர்பாக்கை என் முன்னாலேயே ஒவ்வொன்றாகத் தின்று தீர்ப்பார். வாய் ஓரத்துத் தூளை விரலால் எடுத்து அதையும் தின்பார். பார்க்கப் பாவமாக இருக்க வேண்டும். எனக்கு, அடுத்த வாரம் கூட வாங்க வேண்டும் என்று மட்டும் தோன்றும்.

முதல் இரண்டு ஞாயிறு அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாவது ஞாயிறு, "பாப்பா எப்படி இருக்கா?" என்றார். அதற்கடுத்த ஞாயிறு அவர் கை நடுங்காமல் டம்ளரைப் பிடித்ததைப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாக அந்தக் கை நடுங்கியே பார்த்துப் பழகிவிட்டதால் வேறு யாருடைய கையோ போலிருந்தது. காய் நறுக்குகிற வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றார். கத்தரிக்காயில் காம்பை எவ்வளவு விட வேண்டும் என்று எனக்கே சொல்லிக் கொடுத்தார்.

பார்க்க வந்தவர்களை மதியம் கீழே ஹாலில் உட்கார வைத்து வகுப்பு எடுப்பார்கள். எடுக்கிறவர் தானும் குடித்து அழிந்து எழுந்தவர், எல்லாரும் சார் என்று கூப்பிடுவார்கள். குரலை உயர்த்தவே மாட்டார். அவர் வாராவாரம் சொன்னது ஒன்றுதான்.

"இங்க இருக்கிற வரைக்கும் இவுங்க நல்லாதான் இருப்பாங்க. இங்க யாரு ஊத்தப் போறா? வெளில போற அன்னிக்குதான் வைத்தியமே ஆரம்பிக்குது. ஊர்ல நாலு பேருகிட்ட வாயத் தொறந்து சொல்லணும். 'எனக்கு வேணாம், நான் குடி நோயாளி, எனக்கு ஊத்தாதீங்க.' இத சொல்லிட்டா பாதி பொழைச்ச மாதிரி. இத சொல்ல முடியலன்னா நாங்க குடுத்த மாத்திரை, பிரேயர் எல்லாம் சும்மா."

வெட்கப்படாமல் சொல்வதற்கு அங்கே பயிற்சியே உண்டு. என் கணவர் என்னிடம் சொல்லிப் பார்ப்பார். பிளாஸ்டிக் நாற்காலியில் நேராக உட்கார்ந்துகொண்டு, ஸ்கூலில் ஒப்பிக்கிற மாதிரி, "எனக்கு வேணாம். நான் குடி நோயாளி. எனக்கு ஊத்தாதீங்க." முதல் தடவை சொன்னபோது வேர்த்துவிட்டது. போகப்போக நன்றாக வந்தது. ஒரு தடவை நான் வேண்டுமென்றே, "அட, ஒரு ரவுண்டுதான் மச்சான்" என்று ஆம்பிளைக் குரலில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு மறுபடி முழுசாகச் சொன்னார். அந்த ஒரு ஞாயிறு, திரும்பி வருகிற பஸ்ஸில், இது நடந்துவிடும் போலிருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. நம்பிக்கை என்று அதைச் சொல்ல மாட்டேன், ஆனால் பஸ்ஸில் தூங்கிவிட்டேன். அதற்கு முன் நான் பஸ்ஸில் தூங்கியதே இல்லை.

ஆடி முடிகிற சமயம் அவர் வந்தார். மாமியார் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். என் கணவருக்கு அண்ணன் முறையாகிற பெரியப்பா மகன் பரங்கிப்பேட்டையில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடையில் சோப்பு, கோடாலித் தைலம், ஆரஞ்சு பவுடர், சாக்லேட், ஒரு சீன டார்ச் லைட் எல்லாம் வாங்கி, ஒரு பெரிய சூட்கேஸில் அடுக்கி, கடலூர் பஸ் ஸ்டாண்டிலேயே தம்பியின் கையில் கொடுத்துவிட்டார். அங்கிருந்து இரண்டு பேரும் டாக்சி பிடித்துத் தெருவுக்குள் வந்து இறங்கினார்கள். மகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள்.

ஒரே ஒரு சிக்கல். அரபு நாட்டிலிருந்து வருகிறவன் வெயிலில் கறுத்துப்போய் வருவான். இவரோ மூன்று மாதம் வெயிலே படாமல் கம்பிக்குள் இருந்து, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கன்னம் உப்பி, மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். குழாயடியில் ஒருத்தி, "இன்னா அண்ணே, இப்படி வெளுத்துட்டீங்க?" என்று கேட்டாள்.

"உள்ளாரயே ஏசில வேலை" என்றார் மாமியார்.

சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். சோப்பு இரண்டு, தைலம் ஒன்று என்று மாமியார் ஆளாளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் சோப்பை மூக்கில் வைத்து மோந்து பார்த்து, "பாரின் பாரின்தான்" என்றார்கள். எதிர்வீட்டு மாமா கடைசியாக வந்தார். அவர் கையிலும் ஒரு சோப்பு வந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா மாப்ள, சோப்போட முடிச்சிடலாம்னு பாக்குறியா? மாமாவுக்கு அந்த ஐட்டம் எங்க?" கட்டைவிரலை வாய்ப்பக்கம் தூக்கிக் காட்டினார்.

எல்லாரும் சிரித்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவனைப் பாட்டில் கேட்பது எங்கள் பக்கம் சாதாரணம். கேட்காவிட்டால்தான் மரியாதைக் குறைவு, இவன் என்ன பெரிதாகச் சம்பாதித்துவிட்டான் என்று நினைக்கிறார்கள் போல என்று ஆகிவிடும். எதிர்வீட்டு மாமா குடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் பாரின் சரக்கு என்றால் யாருக்கும் ஒரு ஆசை இருக்கும்தானே என்று நினைத்துக்கொண்டேன். என் கணவரும் சிரித்தார். அவர் வாயைத் திறக்குமுன் மாமியார் முந்திக்கொண்டார்.

"எடுத்தாராம இருப்பானா? பெட்டியில அடியில இருக்கு. நிச்சயதார்த்தத்தன்னிக்கு அவன் கையாலயே எல்லாருக்கும் குடுப்பான்."

பெட்டியின் அடியில் ஒன்றும் இல்லை என்பது எங்களுக்குத்தான் தெரியும். மறுநாள் அண்ணன் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டு வந்தார். தங்க நிற எழுத்துப் போட்ட அட்டைப் பெட்டியில் பெரிய பாட்டில், வெளிநாட்டுச் சரக்குதான்.

நான் மாமியாரிடம் நேராகச் சொன்னேன். "அத்தை, இது வேணாம். இத அவர் கையில குடுக்குறதும் வெஷத்தக் குடுக்குறதும் ஒண்ணுதான். டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"அவன் குடுக்கத்தான் போறான், குடிக்கவா போறான்? சோப்பும் தைலமும் மட்டும் குடுத்தா யாரும்மா நம்புவா? அந்தத் திருவதிகைக்காரங்க ஏற்கெனவே ரெண்டு தடவ கேட்டாச்சு, எந்தக் கம்பெனி, எந்தக் கம்பெனின்னு."

நான் பாட்டிலை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். இரண்டாவது நாள் அரிசி அளக்கப் போனபோது இல்லை. மாமியாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரே சமையலறையில் இரண்டு பெண்கள் இருந்தால் எந்த டின்னும் பத்திரம் இல்லை.

என் கணவரிடம் சொன்னேன். "நாலு பேருகிட்ட சொல்லணும்னு சார் சொன்னாரே. எதிர்வீட்டு மாமாகிட்டயாவது சொல்லிடுங்க. அவுரு யார்கிட்டயும் போய்ச் சொல்ற ஆளு இல்ல."

அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டிலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. "மஸ்கட்டுலேர்ந்து வந்தவன் எப்படி சொல்லுவான்?" என்றார். "தங்கச்சி கல்யாணம் முடியட்டும். அப்புறம் நாலு பேரு இன்னா, நாப்பது பேருகிட்ட சொல்றேன்."

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. திருவதிகையிலிருந்து இரண்டு வேனில் வந்தார்கள். தட்டு மாற்றி, மோதிரம் போட்டு, சாப்பாடு முடிந்தது. பெண்கள் கீழே வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். ஆம்பிளைகள் ஐந்தாறு பேர் மொட்டை மாடிக்குப் போனார்கள். "எங்க வூட்டுல ஒருத்தரும் குடிக்க மாட்டாங்க" என்று பெண் பார்க்க வந்த அன்று பெருமையடித்த மாப்பிள்ளையின் தாய்மாமன் முதல் ஆளாகப் படி ஏறினார்.

வெளிநாட்டுப் பாட்டிலுக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கொண்டுவந்தவன்தான் மூடியைத் திருக வேண்டும், முதல் வாய் அவன்தான் குடிக்க வேண்டும். பாண்டிச்சேரியில் கலந்து அடைத்த டூப்ளிகேட் எது, நிஜமாகவே கடல் தாண்டி வந்தது எது என்று யாருக்குத் தெரியும்? கொண்டுவந்தவன் வாயில் வைத்தால் நம்பிக்கை. அவன் தொடாத பாட்டிலை மற்றவர்கள் தொடமாட்டார்கள்.

வறுத்த முந்திரியும் ஆம்லெட்டும் மேலே கொடுத்துவிட்டு வா என்று என்னிடம் தட்டைக் கொடுத்தார்கள். நான் ஏறினேன். மத்தியான வெயில் மாடியில் கொதித்தது. தண்ணீர் டேங்க் நிழலில் ஜமக்காளம் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். மூடி திறந்தாயிற்று. அவர் கையில் சில்வர் டம்ளர். அந்தக் கை நடுங்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

"இன்னா மச்சான் யோசனை?" என்றார் தாய்மாமன். "மஸ்கட்டுல தண்ணியா குடிச்சி அலுத்துப்போச்சா?"

"நீ தொட்டுக் குடு மாப்ள" என்றார் எதிர்வீட்டு மாமா.

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு எதிர்வீட்டு மாமாவைப் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிற மாதிரி முதுகை நேராக்கிக்கொண்டார்.

"எனக்கு..." என்றார். அதோடு நின்றது.

நான் தட்டோடு நின்றேன். அடுத்த வார்த்தை என் வாய்க்குள் இருந்தது. நான் எத்தனையோ ஞாயிறு கேட்ட வார்த்தை. எனக்குப் பின்னால் படியில் மாமியாரின் குரல் வந்தது. மூட்டுவலியோடு அவ்வளவு படி ஏறி வந்திருந்தார்.

"குடுறா தம்பி. சம்பந்தி வூட்டுக்காரங்க எவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருப்பாங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு, விளக்கெண்ணெய் குடிக்கிற மாதிரி, ஒரே மூச்சில் குடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டை ஜமக்காளத்தில் வைத்துவிட்டுக் கீழே வந்தேன். யாரோ எனக்கு மல்லிகைப்பூ கொடுத்தார்கள், வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. ஐப்பசியில் நாத்தனாருக்குக் கல்யாணம் நன்றாக நடந்தது. தை பிறப்பதற்குள் அவர் பழையபடி ஷட்டர் வாசலில் நின்றார். கடலூர் வீட்டுக்கு இன்னொரு தடவை கூட்டிப்போனோம், சார் ஒன்றும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார். மாமியார் தெருவில், மறுபடியும் மஸ்கட்டு என்றார். அந்தத் தடவை என் கணவர் மைசூர்பாக் தின்னவில்லை, எதையும் சொல்லிப் பார்க்கவில்லை. வயிறு நீர் கோத்துக்கொண்டது. கடைசியில் அவரை வைத்திருந்த ஆஸ்பத்திரியில் அவர் பேசிய பேச்சுகளில் அர்த்தம் இல்லை. ஒரு மாசி மாதம் போய்விட்டார். நான் அழவில்லை. பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எனக்கும் சேர்த்து அழுதார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் எல்லாரும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்தேன். துக்கம் கேட்க வந்த பெண்ணிடம் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்த மஸ்கட்டு சூடு அவன் ஒடம்புக்கு ஒத்துக்கல. போய்ட்டு வந்ததுலேர்ந்தே தேறல." அந்தப் பெண் தலையாட்டி, "ஆமா, அங்க வெயில் ஜாஸ்தின்னு சொல்லுவாங்க" என்றாள். சுற்றி இருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக எதுவோ ஒன்று தாங்கவில்லை.

"மஸ்கட்டு இல்ல" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "கடலூர். தேவனாம்பட்டினம் ரோட்டுல, குடிய நிறுத்துற வீட்டுல இருந்தாரு. குடிச்சிதான் செத்தாரு."

யாராவது திடுக்கிடுவார்கள், யாராவது ஐயோ என்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் நிமிரவில்லை. காபியை ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றிக்கொண்டிருந்தார். நாத்தனாரின் மாமனார் மேல்துண்டின் ஓரத்தை மடித்தார். மாமியார் சுவரைப் பார்த்தார். என் மகள் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் ஊரில் மஸ்கட்டை நம்பியது அவள் ஒருத்திதான்.

எதிர்வீட்டு மாமா எழுந்து வாசல் பந்தலுக்கு வெளியே போனார். அவர்தான் பாடைக்கு முதலில் தோள் கொடுத்தவர். காரியத்துக்கு வேண்டிய சாமான் முழுக்க அலைந்து வாங்கிவந்ததும் அவர்தான். நான் பின்னாலேயே போனேன்.

"தெரியுமா மாமா உங்களுக்கு?"

"தெரியும்மா."

"எப்பலேர்ந்து?"

"வேன் வந்த அன்னிக்கே. எங்க டெப்போக்காரன் ஒருத்தன அதே வேன்லதான் கூட்டிட்டுப் போனாங்க."

"தெரிஞ்சிதான் பாட்டில் கேட்டீங்களா?"

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். கண் சிவந்திருந்தது.

"நீங்க எல்லாரும் அவ்ளோ பாடுபட்டு மூடி வெச்சிருக்கீங்க. எல்லாரும் கேப்பாங்க. நான் ஒருத்தன் மட்டும் கேக்காம சோப்ப வாங்கிட்டுப் போனா, இவருக்குத் தெரிஞ்சிபோச்சுன்னு உங்கத்தை மனசு இன்னா பாடுபடும்? உங்களுக்குச் சங்கடமா இருக்கக்கூடாதுன்னுதாம்மா கேட்டேன். மாடியிலயும் அவன் 'எனக்கு'ன்னு ஆரம்பிச்சான் பாரு, வேணாம்னு முழுசா சொல்லிட்டான்னா சிரிச்சிக்கிட்டே வுட்டுடலாம்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். அவன் சொல்லல."

கன்னத்தில் ஊசியின் மரப்பு போய் வலி தெரிய ஆரம்பிக்கிற இடம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

"அன்னிக்கு என் டம்ளர அப்படியே டேங்க் பின்னால ஊத்திட்டேன்" என்றார் மாமா. "எனக்கு அந்தப் பழக்கமே கிடையாதேம்மா."